குதிகாலும் ஊசித்துளையும்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று ஏறி, பத்துப் பதினைந்து அடி நடந்தபின் மெல்லத் தணிந்து, சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது மறுபடியும் தலைகாட்டி, மாலையில் வேலை முடிகிற தருணத்தில் காலை ஊன்றவே விடாமல் செய்கிற ஒரு வலியை மனிதர்களில் பத்தில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது அனுபவிக்கிறார் என்று வைத்திய நூல்கள் மதிப்பிடுகின்றன. உயிருக்கு ஆபத்தில்லாத வியாதியாகையால் அதற்கு வீட்டிலும் மரியாதை குறைவு, வெளியிலும் மரியாதை குறைவு. பாட்டிமார் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுக்கச் சொல்வார்கள்; அதற்கும் அடங்காவிட்டால் குதிவாதம் என்று பெயர் சூட்டி, பழியை வயதின்மேல் போட்டுவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விடுவார்கள்.

இந்தச் சாமானிய வலியைச் சுற்றிச் சமீப காலத்தில் ஒரு சிகிச்சைக் கடைவீதியே எழும்பிவிட்டது. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், ஆஸ்பத்திரியில் தங்கவும் வேண்டாம், ஊசித்துளை ஒன்றே போதும், நடந்து வந்து நடந்தே திரும்பலாம் என்று விளம்பரங்கள் கைபேசியின் திரையிலிருந்து கூவி அழைக்கின்றன. அந்தச் சிகிச்சைகளையெல்லாம் மோசடி என்று தள்ளிவிடுவது என் நோக்கமன்று. அவற்றில் சில மெய்யாகவே உபகாரமானவை, மற்ற வழிகளெல்லாம் அடைபட்டுப்போன நோயாளிக்கு வரப்பிரசாதமாக வாய்த்தவை. என் ஆட்சேபம் வரிசையைப் பற்றியது. கடைசியில் வரவேண்டியது முதலில் வருகிறது. முதலில் சொல்லப்படவேண்டியதோ, சொல்வதால் யாருக்கும் வருமானமில்லை என்ற ஒரே காரணத்தால், சொல்லப்படாமலே போகிறது.

வியாதியின் ஸ்வரூபத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. குதிகால் எலும்பின் அடியில், உட்புறமாக இருக்கும் ஒரு சிறு மேட்டில் தொடங்கி, உள்ளங்கால் நெடுகிலும் விரிந்து, ஐந்து கிளைகளாகப் பிரிந்து விரல்களின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று நம் ஒவ்வொரு பாதத்திலும் இருக்கிறது. பாதத்தின் வளைவை வில்லென்று கொண்டால் இந்தப் பட்டையே அதன் நாண். நாம் அடியெடுத்து வைக்கையில் குதிகால் மேலெழும்ப, விரல்கள் மேல்நோக்கி மடங்க, பட்டை விரல்மூட்டுகளின் அடியில் சுற்றி இழுபட்டு, வளைவை உயர்த்தி, நெகிழ்ந்து கிடந்த பாதத்தைக் கெட்டியான ஒரு நெம்புகோலாக்கி உடலை முன்னே தள்ளுகிறது என்பதை 1954-ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கிக் காட்டினார். ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை இது நிகழவேண்டும். இரவெல்லாம் பாதம் தளர்ந்து தொங்கும் நிலையில் சுருங்கிக் கிடந்த பட்டை, காலையில் திடீரென்று சரீரத்தின் பாரம் முழுவதையும் ஏற்க நேர்வதால்தான் முதல் அடி அத்தனை வேதனையாக இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குதிகால் எலும்பின் அடியில் முள்ளாக ஒரு நீட்சி தெரிவதுண்டு. ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு அன்றுமுதல் அந்த முள்ளே சத்துருவாகிவிடுகிறது. அதைச் செதுக்கி எறிந்தாலன்றித் தமக்கு விமோசனமில்லை என்று அவர் நிச்சயித்துக்கொள்கிறார். ஆனால் வலி என்பதையே அறியாத எத்தனையோ பேருடைய குதிகால்களிலும் அந்த முள் இருக்கிறது. வலியால் அவதிப்படுகிற பலருக்கு முள்ளே இல்லை. வலி முற்றிலும் தீர்ந்துபோனவர்களைப் படமெடுத்துப் பார்த்தால் முள் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறது. அழற்சியைப் பற்றிய நம்பிக்கையும் இப்படித்தான். குதிகாலில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது, அதை அடக்கினால் வலி அடங்கும் என்பதே நெடுங்காலம் வைத்தியர்களின் துணிபாக இருந்தது. 2003-இல் லெமாண்ட் முதலிய அமெரிக்கப் பாத வைத்தியர்கள், அறுவை சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட 50 பேருடைய திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அழற்சிக்குரிய அடையாளங்களைக் காணவில்லை. நார்கள் ஒழுங்கு குலைந்து சிதைந்து கிடந்ததையே கண்டார்கள். சிறு சிறு கிழிசல்கள், ஆறுவதற்கு அவகாசமின்றி, ஆறுவதற்குள் மறுபடியும் கிழிந்து நைந்துபோன நிலை அது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், ஒவ்வொரு சிகிச்சையின் யோக்கியதையும் பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

சந்தையில் முன்வரிசையில் நிற்பது ஸ்டீராய்டு ஊசி. மலிவானது, பழையது, சிற்றூர்களிலும் கிடைப்பது. போட்ட சில தினங்களில் வலி மாயமாக மறைந்துபோவது உண்டு. அதன் கீர்த்திக்கு அந்த மாயம்தான் காரணம், அதனால் விளையும் தீங்குக்கும் அதுவேதான் காரணம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு பரிசோதனையில், ஸ்கேன் கருவியின் துணையோடு ஒரு சாராருக்கு மருந்தையும் மற்றொரு சாராருக்கு வெறும் உப்புநீரையும் குதிகாலில் செலுத்திப் பார்த்தார்கள். 4 வாரங்கள் கழித்து மருந்து பெற்றவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது. 8 வாரத்திலும் 12 வாரத்திலும் பார்த்தபோது வலியைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு மாத நிம்மதி அற்பமான விஷயமன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். மகளின் கல்யாணம் அடுத்த வாரம் என்றிருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு மாதம் பெரிய அனுக்கிரகம். ஆனால் மாதம் முடிந்து வலி திரும்பியதும் இரண்டாவது ஊசி, அது தேய்ந்ததும் மூன்றாவது ஊசி என்று போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. வலியை உணராத குதிகால் நைந்த நாரின்மேல் இன்னும் தாராளமாகப் பாரத்தை இறக்குகிறது. மருந்தோ அந்த நாரை மேலும் பலவீனப்படுத்துகிறது.

இதை வெறும் பூச்சாண்டி என்று எண்ணவேண்டாம். 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குதிகால் வலிக்காகப் பார்க்கப்பட்ட 765 நோயாளிகளில் 51 பேருக்கு நார்ப்பட்டை அறுந்துபோயிருந்தது. அந்த 51 பேரில் 44 பேர் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள். பட்டை அறுந்ததும் சிலருக்குப் பழைய வலி நின்றுவிடுகிறதென்பது இதில் ஒரு விசித்திரம். எனினும் வளைவு தாழ்ந்து, பாதத்தின் புறவோரத்தில் புதிய வலியொன்று தொடங்கி, அது பழையதைக் காட்டிலும் பிடிவாதமாக நிலைத்துவிடுவதும் உண்டு. குதிகாலுக்கு இயற்கை அளித்திருக்கும் கொழுப்புத் திண்டு மருந்தினால் கரைந்து மெலிவது இன்னொரு கேடு. கரைந்த திண்டை மறுபடி வளர்க்க எந்த வைத்தியனுக்கும் வழி தெரியாது. சர்க்கரை வியாதிக்காரருக்கோ ஊசிக்குப் பின் சில தினங்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பதைச் சொல்லியே தீரவேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, இந்தத் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்க, குதிகால் ஊசிக்கு வந்து நிற்பவரிடம் ‘சுகர் இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை எடுப்பது அலட்சியம் என்பதைத் தவிர வேறில்லை.

அடுத்தது அதிர்வலை. சிறுநீரகத்தில் உள்ள கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே அதிர்வலையால் பொடியாக்கும் வித்தை 1980-இல் மூனிக் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரிடம் பிரயோகிக்கப்பட்டது. அதன் கிளையாகப் பிறந்து, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றுக் குதிகாலுக்கு வந்தது இந்தச் சிகிச்சை. துளைகூட இல்லை என்பது இதன் விசேஷம். சிதைந்த நாரை வேண்டுமென்றே தட்டி எழுப்பி, ஆறும் காரியத்தைச் சரீரம் புதிதாகத் தொடங்கும்படி செய்வதே இதன் தத்துவம் என்கிறார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவில் 166 பேரிடம் நடத்திய பரிசோதனையில் மெய்யான அலை பெற்றவர்களும் பெயரளவுக்கு அலை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். பிற்காலத்தில் வேறு கருவிகளை, வேறு அளவுகளில், பல மாதங்களாக வலி தீராத நோயாளிகளிடம் பிரயோகித்த ஆய்வுகள் சிலவற்றில் அலை பெற்றவர்களே மேலாகத் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாட்பட்ட வலிக்கு முயன்று பார்க்கத்தக்க, பெரிய கெடுதல் எதுவும் செய்யாத ஓர் உபாயம் என்ற அளவுக்கு இதை ஏற்கலாம் என்பது என் அபிப்பிராயம். மூன்று வாரமாக வலிக்கிறது என்று வந்தவருக்கு இதைச் சிபாரிசு செய்வது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்துக் குதிகாலில் செலுத்துகிற பி.ஆர்.பி. சிகிச்சைக்கு இன்று மவுசு அதிகம். ‘உங்கள் ரத்தமே உங்களுக்கு மருந்து’ என்ற வாசகத்தில் ஒரு வசீகரம் இருக்கத்தானே செய்கிறது! நெதர்லாந்தில் 115 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு பெற்றவர்களைக் காட்டிலும் பி.ஆர்.பி. பெற்றவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் இந்தத் திரவத்தைத் தயாரிக்கும் முறை கிளினிக்குக்குக் கிளினிக் வேறுபடுகிறது. எத்தனை மடங்கு செறிவு, எத்தனை ஊசி, எத்தனை இடைவெளி என்பதில் ஒருமித்த நியதி ஏற்படவில்லை. ஆகவே ஆய்வில் கண்ட பலனை அடுத்த தெருவிலுள்ள கிளினிக்கில் அப்படியே எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

துளையின் வழியே கருவியை நுழைத்து நாரையே தொடும் சிகிச்சைகள் இரண்டு. கண்புரையை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையை 1967-இல் சார்லஸ் கெல்மன் புகுத்தினார் அல்லவா? அதே தத்துவத்தில் அமைந்த ஊசிபோன்ற கருவியைச் சில மில்லிமீட்டர் கீறலின் வழியே செலுத்தி, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே சிதைந்த திசுவை மட்டும் கரைத்து உப்புநீரோடு வெளியே இழுப்பது ஒன்று. மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. யுக்தியில் அழகானது; ஆனால் அதற்கு ஆதரவாக உள்ளவற்றில் பெரும்பான்மை, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு சாரார் இல்லாத சிறு தொகுப்புகள்தாம். மற்றொன்று 1991-இல் பாரெட், டே என்ற இரு அமெரிக்கப் பாத வைத்தியர்கள் விவரித்த எண்டோஸ்கோப்பி முறை: குதிகாலின் பக்கவாட்டில் சிறு துவாரமிட்டுக் காமிராவை நுழைத்து, இழுபடும் பட்டையின் உட்பகுதியை மட்டும் வெட்டித் தளர்த்துவது. இங்கே சர்ஜனுடைய கைத்திறனைக் காட்டிலும் அவருடைய நிதானமே முக்கியம். மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வெட்டியதோடு நிறுத்தவேண்டும், முழுவதும் வெட்டினால் வளைவு நிலைகுலைந்து முன்சொன்ன புறவோர வலி வந்து சேரும். துவாரம் சிறிது, அதன் வழியே உள்ளே நடக்கும் காரியம் சிறிதன்று.

இப்படி ஒவ்வொன்றிலும் தேறியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நன்றியோடு பேசவும் பேசுகிறார்கள் என்றால், அந்த நன்றியில் எவ்வளவு ஊசிக்கு உரியது, எவ்வளவு காலத்துக்கு உரியது என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. குதிகால் வலி ஏறியிறங்கும் சுபாவமுள்ளது. உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியரைத் தேடிப் போகிறார். எந்த வைத்தியம் செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வரத்தான் செய்யும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் குணமாகிவிடும் என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு: டென்மார்க்கில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த 174 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து விசாரித்தவர்கள், அவர்களில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தினருக்கு ஓராண்டு முடிவிலும், பாதிப் பேருக்கு ஐந்தாண்டு முடிவிலும் உபாதை நீடித்ததாக 2018-இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிவரை வந்தவர்கள் கடுமையான நோயாளிகள் என்ற சமாதானம் சொல்லலாம். ஆயினும் ‘தானே போய்விடும், பொறுங்கள்’ என்று அனுப்பிவிடும் வைத்தியருக்கும் இது ஓர் எச்சரிக்கை. சும்மா பொறுத்திருப்பது ஒரு சிகிச்சையாகாது. செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் செய்யவேண்டியவர் நோயாளியே.

அது என்னவென்று சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். காலையில் காலைத் தரையில் வைப்பதற்கு முன், படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடையின்மேல் போட்டு, ஒரு கையால் விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கிப் பின்னே மடக்கவேண்டும். மறுகையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து விடவேண்டும். இதுபோலப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. அமெரிக்காவில் டிஜியோவானி என்பவரும் அவருடைய சகாக்களும், பல மாதங்களாக வலி தீராதவர்களிடமே இதைப் பரீட்சித்து, வழக்கமான கெண்டைக்கால் நீட்சிப் பயிற்சியைவிட இது மேலான பலன் தந்ததென்று 2003-இல் வெளியிட்டார்கள். இரண்டாவது பயிற்சி டென்மார்க்கிலிருந்து வந்தது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நின்று, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களின் அடியில் வைத்து, சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை மூன்று விநாடியில் உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்கவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். சில வாரங்களில் கால் பழகியதும், முதுகில் புத்தகங்கள் அடுக்கிய பையை மாட்டிக்கொண்டு பாரத்தைக் கூட்டவேண்டும். 48 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மூன்று மாத முடிவில் இதைச் செய்தவர்கள் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்; ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நைந்த நாருக்கு அளவான பாரத்தை ஏற்றி ஏற்றி அதை உறுதிப்படுத்துவது என்ற இந்த எண்ணம், நுண்ணோக்கியில் கண்ட உண்மையோடு பொருந்தியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

செருப்பும் இதோடு சேர்ந்தது. நம் ஊர் எலும்பு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரைச் சார்ந்தவர்களும் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்கச் செய்த முயற்சிகளின் வழியாக வந்தது. அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களில் இந்தச் சரித்திரத்தை அறிந்தவர்கள் எத்தனை பேர்? வெளியே அதை அணிகிறவர்களும் வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். சமையலறையில் நிற்கும் நேரம் தெருவில் நடக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு அதிகமாயிற்றே என்றால், ‘வீட்டுக்குள்ள செருப்பா?’ என்று மாமியார் முகம் சுளிப்பார் என்கிறார்கள். வீட்டுக்கென்று தனியே ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் ஆசாரத்துக்குப் பங்கம் வராது.

இவ்வளவும் சொல்லிக் கொடுக்க ஒரு வைத்தியருக்கு இருபது நிமிஷம் வேண்டும்; அந்த இருபது நிமிஷத்துக்குக் கட்டணம் என்று ஒன்று இல்லை. ஊசிக்கு ஐந்து நிமிஷம் போதும், கட்டணம் ஆயிரக்கணக்கில். தனிப்பட்ட வைத்தியர்களின் பேராசை என்று இதைக் குறுக்கிவிடுவது நியாயமாகாது. காத்திருக்கும் நாற்பது நோயாளிகளின் நடுவே, பயிற்சியைச் சொன்னால் ‘மருந்தே குடுக்கலை’ என்று அதிருப்தியோடு எழுந்து போகிற நோயாளியின் எதிரில், எந்த வைத்தியரும் ஊசியின் பக்கம்தான் சாய்வார். இதற்கு அரசாங்கம் கைகொடுக்க இடமிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுதேடிச் செல்லும் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். பக்கவாத நோயாளியைப் பார்க்கப் போகும் வீட்டில், அவரைத் தூக்கி இறக்கி, நாளெல்லாம் நின்றே பணிவிடை செய்யும் மனைவிக்கும் மருமகளுக்கும் குதிகால் எப்படியிருக்கிறது என்று கேட்டு, அந்த விரல் மடக்கும் பயிற்சியைச் செய்து காட்டிவிட்டு வர அதிகச் செலவு ஒன்றும் பிடிக்காது.

எல்லாக் குதிகால் வலியும் இந்த ஒரே வலி அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. இரு குதிகால்களும் வலிக்க, காலையில் எழும்போது இடுப்பும் முதுகும் விறைத்துக்கொண்டு வெகுநேரம் நெகிழாமல் இருக்கிற இளைஞனுக்கு முதுகெலும்பு வாதநோயா என்று சோதிக்கவேண்டும். குதிகாலை இருபுறமும் உள்ளங்கையால் அழுத்தினாலே அலறுகிறவருக்கு எலும்பில் மயிரிழை முறிவு இருக்கக்கூடும். எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் நரம்பைப் பார்க்கவேண்டும். தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து ஊசிக்கு நாள் குறிக்கிற இடங்களில் இவையெல்லாம் தப்பிப்போய்விடுகின்றன.

குதிகால் வலிக்குக் காரணம் தேடிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுபவை மூன்று: கணுக்கால் மேல்நோக்கி மடங்காத இறுக்கம், உடற்பருமன், வேலைநாளின் பெரும்பகுதியை நின்றே கழிப்பது. முதலிரண்டுக்கும் நோயாளியைப் பொறுப்பாக்கலாம் என்று வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும், மூன்றாவதற்கு அவர் என்ன செய்வார்? பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் புடவைப் பிரிவில் சாயங்கால வேளையில் போய்ச் சற்று நின்று பாருங்கள். சிரித்த முகத்தோடு ஒன்றன்பின் ஒன்றாகப் புடவையை விரித்துக் காட்டுகிற பெண், மேஜைக்கு மறுபுறத்தில், நம் கண்ணில் படாத இடத்தில், ஒரு காலின் செருப்பைக் கழற்றிவிட்டு, அலமாரியின் அடிச்சட்டத்தில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றிக் குதிகாலைத் தூக்கிப் பிடித்திருப்பார். இரண்டு நிமிஷத்துக்கொரு முறை கால் மாறும். இவர் வைத்தியரிடம் போனால் நடக்கும் சம்பாஷணையும் நாம் அறிந்ததுதான். ‘ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா’ என்பார் வைத்தியர். ‘நிக்கிறதுக்குத்தான் சார் சம்பளமே குடுக்கிறாங்க’ என்பார் இவர். அதன்பின் ஊசியைத் தவிர இருவருக்கும் வேறு வழி தோன்றாது. ஒரு மாதம் வலியில்லாமல் நிற்கச் செய்து, அந்த நிற்பதனாலேயே வியாதியை முற்றச் செய்யும் உபகாரம் இது.

கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் வேண்டுமென்ற கோரிக்கை புதியதன்று. பிரிட்டனில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனமேனும் இருக்கவேண்டுமென்று சட்டம் செய்தார்கள். நம் பக்கத்தில் கோழிக்கோட்டில், விஜி என்ற தையற்காரப் பெண்மணியும் அவருடைய ‘பெண்கூட்டு’ சங்கத்தினரும் உட்காரும் உரிமைக்காக நெடுங்காலம் போராடி, கேரளத்தின் கடைகள் சட்டத்தை 2018-இல் திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர் எல்லோருக்கும் தக்க இருக்கை வசதி செய்து, வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் உட்கார இடமளிக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சட்டம் வந்தபின் சில கடைகளில் முக்காலிகள் வந்தன; முக்காலியில் உட்கார்ந்தவரை வாடிக்கையாளர் எதிரில் உட்காரலாமா என்று முறைக்கும் கண்கள் மாறவில்லை. வாடிக்கையாளராகிய நாமும் இதில் நிரபராதிகள் அல்லர். நாம் உள்ளே நுழையும்போது எழுந்திருக்காத பெண்ணை அலட்சியக்காரி என்று கருதும் பழக்கம் நமக்கும் இருக்கிறது.

ஆகவே ஊசித்துளைச் சிகிச்சை செய்கிற வைத்தியர்களிடம் என் கோரிக்கை இதுதான். ஆறு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்து, செருப்பை மாற்றி, எடையையும் இயன்ற அளவு கவனித்து, அப்படியும் தீராத வலியோடு வருகிறவருக்குத் தாராளமாக அலையையோ, பி.ஆர்.பி.யையோ, தேவையானால் எண்டோஸ்கோப்பியையோ பிரயோகியுங்கள். அதற்கு முன்னதாக வந்தவரை, என்ன பயிற்சி, எத்தனை வாரம் என்று சீட்டில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். ஸ்டீராய்டு போட்டே ஆகவேண்டுமென்ற சந்தர்ப்பத்தில், எத்தனை காலம் பலன் நிற்கும், பட்டை அறுந்துபோகும் அபாயம் என்ன என்பதை நோயாளியின் பாஷையில் சொல்லி, முன்பு எத்தனை ஊசி போட்டாயிற்று என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நின்று வேலை செய்கிறவராயிருந்தால் அதே சீட்டில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: வேலை நேரத்தில் இவர் அவ்வப்போது உட்கார்ந்து பாதத்துக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று எழுதி, 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் குறிப்பிட்டு, முத்திரையிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் சூப்பர்வைசர் மறுத்துவிடுவார். வைத்தியர் கையெழுத்திட்ட சீட்டை அவர் மறுத்தாரானால், தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் போய் நிற்க அந்தப் பெண்ணின் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.